பாதி மார்க் கிடையாது

ஆகஸ்ட் 22

கவுன்சலிங் முடிந்தது. மெக்கானிக்கலில் சேர்ந்தவர்கள் பதினோரு பேர். அறுபது இடத்துக்குப் பதினொன்று. கம்ப்யூட்டர் வகுப்பில் உட்கார இடமில்லை என்று எங்கள் டிராயிங் ஹால் நாற்காலிகளைத் தூக்கிக்கொண்டு போனார்கள். கொண்டு போங்கடா ராசா, இங்கே யார் உட்காரப் போகிறார்கள் என்றேன்.

மதியம் தாளாளர் கூப்பிட்டார். இத்தனை வருடத்தில் அவர் எனக்குக் காபி சொன்னது இன்றுதான். 

"எமிமா மேடம், மெக்கானிக்கல மூடிருவோம்னு இருக்கேன். பிள்ளையள வேற காலேஜுக்கு மாத்தி விட்டுரலாம். ஸ்டாஃப் நாலு பேருக்கு நான் என்ன செய்ய முடியும், நீங்களே சொல்லுங்க."

அந்த நாலு பேரில் நானும் ஒருத்தி. வீடு வந்ததும் இதைத்தான் முதலில் யோசித்தேன் என்று எழுதினால் அசிங்கமாக இருக்கும். ஆனால் அவர் அறையில் யோசித்தது அதை இல்லை. மூன்று வருடமாக எழுதி எழுதி அடித்து மேசைக்குள் வைத்திருக்கும் புதுப் பாடத்திட்டத்தைத்தான் யோசித்தேன். ஒரே ஒரு செமஸ்டர் தாருங்கள், என் முறையில் நடத்திக் காட்டுகிறேன் என்று கெஞ்சினேன். ஆமாம், கெஞ்சினேன்.

அவர் காபியை உறிஞ்சிக்கொண்டே கேட்டார். பிறகு, "சரி, நடத்துங்க. ஆனா பதினோரு பேரும் பாஸாகணும். நூறு சதவீதம்னு பைபாஸ்ல போர்டு வைக்கணும்லா? ஒண்ணு கொறஞ்சாலும் ஜனவரியோட மூடியாச்சு. வெளிய இருந்து கமிட்டி போடுவேன், பாத்துக்கிடுங்க" என்றார்.

என் வீட்டுக்காரர் தவசிங்கிடம் சொன்னபோது வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். "நீ கேட்டதும் குடுத்துட்டாராக்கும்?" என்று மட்டும் கேட்டார். இந்த மனுஷனுக்கு நல்ல வாயே கிடையாது.

செப்டம்பர் 3

முதல் வகுப்பு. மேசை மேல் ஓடாத டேபிள் ஃபேனை வைத்தேன். கரும்பலகையைத் தொடவில்லை.

பாடத்திட்டம் இவ்வளவுதான்: வாரம் ஒரு கெட்டுப்போன இயந்திரம் ஊருக்குள்ளிருந்து வரும். என்ன கோளாறு என்று நாங்கள் சொல்ல மாட்டோம். தொட்டுப் பார், காது கொடு, கழற்று, கண்டுபிடி. எங்கே முட்டுகிறாயோ அங்கே அன்றைய கணக்கும் இயற்பியலும் ஆரம்பிக்கும். தேர்வும் அப்படியே. முன்பின் பார்க்காத இயந்திரம் ஒன்று இருக்கும். கோளாறைக் கண்டுபிடித்தால் பாஸ், இல்லையென்றால் இல்லை.

"பாதி மார்க் உண்டா மேடம்?" என்று ஒரு பையன் கேட்டான்.

"பாதி ஓடுத மோட்டார உங்க வீட்டுக்கு வாங்குவியால?"

எல்லோரும் சிரித்தார்கள். பிறகு எல்லோரும் நோட்டைத் திறந்து பேனாவை எடுத்து வைத்துக்கொண்டு என் வாயைப் பார்த்தார்கள். பன்னிரண்டு வருடப் பள்ளிக்கூடம் அந்தக் கையில் உட்கார்ந்திருக்கிறது. ஒரே பெண், உமையபார்வதி என்று பெயர், ஊர் ஏரல் பக்கம். அவள் மட்டும் எழுந்து வந்து ஃபேன் றெக்கையைச் சுற்றிவிட்டு, "கரகரன்னுது மேடம்" என்றாள். "எங்கேயிருந்து?" என்றேன். காதைக் கொண்டுபோய் ஒட்டிவைத்துக்கொண்டாள்.

செப்டம்பர் 10

கேஸ் புக் செய்ய மறந்துவிட்டேன். இரண்டு நாளாக இண்டக்ஷன் அடுப்பில் தோசை வராமல் உப்புமா.

செப்டம்பர் 26

இன்று மனசு நிறைந்திருக்கிறது. மிக்ஸி வாரம். இரண்டு மணி நேரம் மண்டையை உடைத்துக்கொண்டு, மோட்டாருக்குள் மின்சாரம் கொடுக்கும் கார்பன் கட்டை தேய்ந்துவிட்டதை உமையபார்வதியும் இரண்டு பையன்களுமாகக் கண்டுபிடித்தார்கள். அதன் பிறகு மின்னோட்டத்தைப் பற்றி அவர்களே கேட்டார்கள், அவர்களே! "ஏன் மேடம் கார்பன்ல செய்தாவ, செம்புல செஞ்சா தேயாதுல்லா?" நான் இத்தனை வருடம் கரும்பலகையில் எழுதிப் போட்டதை ஒரு பிள்ளை இப்படிக் கேட்டதில்லை. கழிவறைக்குப் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன்.

மற்ற எட்டுப் பேரும் சுற்றி நின்று பார்த்தார்கள். பிறகு உமையபார்வதி சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டார்கள். போகப் போகச் சரியாகும்.

அக்டோபர் 16

முதல் தேர்வு. கிரைண்டர் வைத்தோம். பெல்ட் நழுவுகிறது, கண்ணால் பார்த்தாலே தெரியும். பாஸ் நான்கு பேர்.

ஒருத்தன் கொடுத்த இருபது நிமிடமும் கிரைண்டரைத் தொடவே இல்லை. ஏன் என்று கேட்டால், "தப்பாயிட்டுன்னா மேடம்?" என்கிறான். தப்பாகட்டுமே, அதற்குத்தானே வைத்திருக்கிறோம் என்று கத்தினேன். பயந்து இன்னும் இரண்டடி தள்ளி நின்றான். கத்தியிருக்கக் கூடாது.

அக்டோபர் 31

பெற்றோர் கூட்டம். ஒரு தகப்பனார் துண்டை உதறிப் போட்டுக்கொண்டு எழுந்தார். "கிரைண்டர் ரிப்பேர் பாக்க எம் மவன இஞ்சினியர் காலேஜுக்கு அனுப்பணுமா? ஒரு நோட்ஸ் கெடையாது, புக்கு கெடையாது. எங்க புள்ளைய வச்சுதான் பரிசோதன பண்ணணுமா?"

பொறுமையாக விளக்கினேன். ரொம்பப் பொறுமையாக. கடைசியில் அவர், "உங்க மவன் என்ன படிக்காரு மேடம்?" என்றார்.

"படிக்கிறான்" என்றேன். அடுத்த ஆளைப் பார்த்து, "நீங்க சொல்லுங்க" என்றேன். அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? கோயம்புத்தூரில் கம்ப்யூட்டர் சயின்ஸ் கிடைத்தது, அவன் ஆசைப்பட்டான், போனான்.

நவம்பர் 13

இரண்டாம் தேர்வு. பாஸ் ஐந்து பேர். இப்படியே போனால் ஜனவரிக்குள் பதினொன்று எப்படி ஆகும்? இவர்களுக்கு இரண்டு வருடம் கொடுத்தால் எல்லோரும் வருவார்கள், எனக்குத் தெரியும். கை பயம் ஒரு செமஸ்டரில் போகாது. இதை யாரிடம் சொல்வது? கர்த்தரிடம்தான் சொல்ல வேண்டும். ஞாயிற்றுக்கிழமை சொன்னேன். அவரும் தாளாளர் மாதிரியே கேட்டுக்கொண்டிருந்தார்.

நவம்பர் 27

கமிட்டியிலிருந்து கடிதம். தேர்வுக்கான விடைக்குறிப்பை முத்திரையிட்ட உறையில் முன்கூட்டியே ஒப்படைக்க வேண்டுமாம். தேர்வாளர்கள் அதை வைத்துத்தான் மதிப்பெண் போடுவார்களாம்.

இயந்திரத்துக்கு விடைக்குறிப்பா? அன்றைக்கு அது என்ன கோளாறில் இருக்கிறதோ அதுதானே விடை என்று ஃபோனில் அரை மணி நேரம் சண்டை போட்டேன். எதிர்முனையில் இருந்தவர் தங்கமான மனிதர், குரலே உயர்த்தவில்லை. "மேடம், கீ இல்லாம எப்படி மேடம் வேல்யூ பண்ணுவாங்க?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். கடைசியில் எனக்கே அது நியாயம் மாதிரி கேட்க ஆரம்பித்துவிட்டது.

சரி என்று ஒரு வீட்டு பம்பைத் தேர்ந்தெடுத்தேன். மோட்டாரைக் கிளப்பிவிடும் நல்ல கெபாசிட்டரைக் கழற்றிவிட்டுக் கெட்டுப்போனதை நானே மாட்டினேன். சுவிட்சைப் போட்டால் உறுமும், ஓடாது. ஷாஃப்ட், அதாவது சுழலும் அச்சு, இறுகிப் போயிருந்தாலும் இப்படித்தான் உறுமும், அதனால் முதலில் அதைத் திருப்பிப் பார்க்க வேண்டும். உறைக்குள் எழுதி வைத்தேன்: ஷாஃப்ட் தடையின்றிச் சுற்றுகிறது, ஆகவே கெபாசிட்டர் பழுது.

டிசம்பர் 6

பால்துரை இன்று கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தார். எனக்கு அடுத்தபடியாக இந்தத் துறையில் இருப்பவர். அவர் மனைவிக்கு ஏழாம் மாதம்.

"மேடம், கோவப்படாதீங்க. பம்ப ஒரு தடவ பிள்ளையளுக்குக் காட்டிருவோம். மாடல் எக்ஸாம்னு வச்சுக்கிடுவோமே."

"வெளிய போங்க பால்துரை" என்றேன். போய்விட்டார். சாப்பாட்டு டப்பாவை என் மேசையிலேயே விட்டுவிட்டுப் போய்விட்டார், பாவம்.

டிசம்பர் 11

பம்ப் எப்படி வேலை செய்கிறது என்று பொதுவாகத் தெரிந்திருப்பதில் தவறில்லை. எந்தக் கல்லூரியிலும் சொல்லித்தருவதுதான். பால்துரையிடம் ஒரு வகுப்பு எடுக்கச் சொன்னேன். பம்பைப் பற்றிப் பொதுவாக.

டிசம்பர் 19

வகுப்பு நன்றாகப் போகிறது. பால்துரை அழகாக ஒரு வரிசை வைத்திருக்கிறார். சுவிட்ச் போடு. உறுமலைக் கேள். அணை. பின்பக்கம் ஸ்க்ரூ டிரைவர் வைத்து ஷாஃப்ட்டைத் திருப்பு. "ஷாஃப்ட் தடையின்றிச் சுற்றுகிறது, ஆகவே கெபாசிட்டர் பழுது" என்று சொல். தொடவே பயந்த அந்தப் பையன்கூட இன்று தடங்கல் இல்லாமல் செய்தான். சொல்லும்போது முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். நானும் கை தட்டினேன்.

உமையபார்வதி மட்டும் போகும்போது நின்றாள். "மேடம், பரிட்சைக்கும் இதே பம்ப்தானா?"

"இது மாதிரி ஒண்ணு இருக்கும்" என்றேன்.

"இதேதானா மேடம்?"

"ஏட்டி, பஸ்ஸுக்கு நேரமாகல உனக்கு?" என்றேன். போய்விட்டாள். இந்த வயசில் எல்லாவற்றையும் துருவித் துருவிக் கேட்பார்கள்.

டிசம்பர் 26

கேக் மிஞ்சிவிட்டது. மகன் மூன்று நாள் இருந்துவிட்டுப் போனான். அவன் லேப்டாப் சூடாகிறது என்றான். திறந்து பார்க்கலாமா என்றேன். "வேண்டாம்மா, சர்வீஸ் சென்டர்ல குடுத்துக்கிடுதேன், நீங்க எதையாச்சும் கெடுத்துராதீங்க" என்றான்.

ஜனவரி 12

நாளையிலிருந்து பொங்கல் விடுமுறை. இன்று மதியம் கடைசியாக எல்லோரும் ஒரு சுற்று வந்தார்கள். பதினோரு பேரும் சரி. லேபைப் பூட்டிவிட்டு வந்தேன். பம்புக்குள் இருந்த தண்ணீரை வடித்தார்களா என்று கேட்க நினைத்தேன், தாளாளர் வந்து பேச்சுக் கொடுத்ததில் மறந்துவிட்டது.

ஜனவரி 21

எழுத வேண்டும். எழுதினால்தான் சாப்பாடு இறங்கும் போலிருக்கிறது.

கமிட்டியில் இரண்டு பேர் வந்தார்கள். பெரியவருக்கு முழங்கால் வலி, நாற்காலியை விட்டு எழவில்லை. சின்னவர் உறையைப் பிரித்து விடைக்குறிப்பை மேசை மேல் விரித்து வைத்துக்கொண்டார். பம்ப் அவர்களுக்கு எதிரே. நான் சுவரோரம் நின்றேன். ஒவ்வொருவராக உள்ளே வர வேண்டும்.

முதல் பையன் சுவிட்ச் போட்டான். உறுமியது. அணைத்தான். ஸ்க்ரூ டிரைவரை வைத்தான். "ஷாஃப்ட் தடையின்றிச் சுற்றுகிறது சார், ஆகவே கெபாசிட்டர் பழுது." சின்னவர் தலையாட்டி டிக் போட்டார். இரண்டாமவனும் அப்படியே.

மூன்றாமவன் ஸ்க்ரூ டிரைவரை வைத்தபோதுதான் பார்த்தேன். அவன் மணிக்கட்டில் நரம்பு புடைத்திருக்கிறது. கை இருந்த இடத்தில் இருக்கிறது. ஷாஃப்ட் அசையவில்லை. விடுமுறை முழுக்கத் தண்ணீர் உள்ளே கிடந்து, துருப் பிடித்து, இறுகிப் போயிருக்கிறது. அவன் என்னை ஒரு தடவை பார்த்தான். பிறகு தேர்வாளர் பக்கம் திரும்பி, "ஷாஃப்ட் தடையின்றிச் சுற்றுகிறது சார்" என்றான்.

டிக்.

 நான்காமவன் வந்தான். சுற்றவில்லை. சுற்றுகிறது என்றான். ஐந்தாமவன் ஸ்க்ரூ டிரைவரை வைத்த மாதிரி காட்டிவிட்டு எடுத்துவிட்டான். சுற்றுகிறது என்றான். வாயைத் திறந்து, நிறுத்துங்கள், பம்ப் ஜாமாகிவிட்டது என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் இதுவரை பாஸானவர்கள் எல்லோரும் ஃபெயில். ஏன் எல்லோரும் ஒரே மாதிரி சொன்னார்கள் என்று அடுத்த கேள்வி வரும். அதற்குமேல் துறையும் இல்லை, பாடத்திட்டமும் இல்லை. இதைத்தான் ஒவ்வொரு பையனுக்கும் ஒரு தடவை நினைத்தேன். நினைத்து முடிப்பதற்குள் அடுத்தவன் வந்துவிட்டான்.

உமையபார்வதி கடைசி. உறுமலைக் கேட்டதுமே அணைத்தாள். ஸ்க்ரூ டிரைவரை வைத்துத் திருப்பினாள். எடுத்து, இன்னொரு தடவை வைத்து இரண்டு கையாலும் அழுத்தினாள்.

"சுத்தல சார்."

சின்னவர் விடைக்குறிப்பைப் பார்த்தார். "நல்லாப் பாரும்மா."

"ஜாமாயிருக்கு சார். மொதல்ல ஜாம எடுக்கணும்."

"கெபாசிட்டர்?"

"அதுவும் போயிருக்கலாம் சார். ஆனா ஷாஃப்ட்டு இறுகிக் கெடக்கும்போது கெபாசிட்டர்னு எப்படிச் சொல்ல முடியும்? எடுத்துட்டுப் பாத்தாத்தான் தெரியும்."

எவ்வளவு அழகான பதில். இந்தப் பதிலுக்காகத்தான் மூன்று வருடம் எழுதினேன்.

சின்னவர் பெரியவரைப் பார்த்தார். "கீயில கெபாசிட்டர்னு இருக்கு சார். பத்துப் பேரும் சரியாச் சொல்லிருக்காங்க. பாதி மார்க் குடுத்துரலாமா?" பெரியவர் விதிமுறையைப் புரட்டினார். "பாதி மார்க் கெடையாதுன்னு போட்டிருக்கே. யாரு எழுதினது இத?"

"நான்தான் சார்" என்றேன். "ரெண்டு நிமிஷம் குடுங்க. பொண்ணு பதட்டத்துல இருக்கா. தண்ணி குடிச்சிட்டு வரட்டும்."

ஒருவராவது எழுந்து வந்து அந்தப் பம்பைத் தொட்டிருந்தால் போதும். மேசைக்கும் பம்புக்கும் நான்கு எட்டு தூரம் இருக்குமா? தொடவில்லை. நானும்தான்.

வராந்தாவில் அவளிடம் சொன்னேன். கெபாசிட்டர் கெட்டதுதான் கண்ணு, நானே கையால் மாட்டியது என்றேன். நான் சொன்னது பொய் இல்லை.

"ஷாஃப்ட்டு சுத்தலயே மேடம்."

"உள்ள போய்க் கெபாசிட்டர்னு சொல்லிரு. உன் கூடப் படிக்கிற பத்துப் பேர நெனச்சுப் பாரு. பால்துரை சார் வீட்டுல மாசமா இருக்காங்க. உனக்குப் பிடிச்ச இந்தப் படிப்பு இருக்கணுமா வேண்டாமா?"

"ஒரே ஒரு தடவ தொட்டுப் பாருங்க மேடம்" என்றாள். வாதாடவில்லை. கெஞ்சினாள். ஆகஸ்டில் நான் தாளாளரிடம் கெஞ்சினேனே, அதே மாதிரி.

"நேரமாகுது" என்றேன்.

உள்ளே போனாள். ஸ்க்ரூ டிரைவரை எடுத்தாள், ஷாஃப்ட்டில் வைத்தாள். தலை நிமிராமல், பால்துரை சொல்லிக்கொடுத்த வார்த்தை ஒன்று மாறாமல், சுற்றுகிறது என்றாள். பெரியவர், "குட்" என்றார். பிறகு சாப்பிடப் போனார்கள். சுவிட்ச் போட்டுப் பார்க்கலாமா என்று யாரும் கேட்கவில்லை.

பதினொன்றுக்குப் பதினொன்று.

ஜனவரி 22

லேபைத் திறந்தேன். பம்ப் மேசை மேல் இல்லை, தரையில் இருந்தது. பக்கத்தில் மண்ணெண்ணெய் வாசனை, துருப் படிந்த துணி. புதுக் கெபாசிட்டர் மாட்டியிருந்தது. சுவிட்சைப் போட்டேன். நன்றாக ஓடியது.

யார் செய்தது என்று கேட்டேன். லேப் சாவியை நேற்றுச் சாயங்காலம் உமையபார்வதி வாங்கிக்கொண்டு போனாளாம். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஸ்க்ரூ டிரைவரைத் துடைத்து அதன் இடத்தில் வைத்திருந்தாள்.

ஜனவரி 30

பைபாஸில் போர்டு வைத்துவிட்டார்கள். நூறு சதவீதம். அதில் நான் சிரித்துக்கொண்டு நிற்கிறேன். தவசிங் வண்டியை நிறுத்திப் பார்த்துவிட்டு, "போட்டோ நல்லாத்தான் இருக்கு" என்றார். இந்த ஒரு தடவையாவது குத்தலாக எதையாவது சொல்லியிருக்கலாம்.

தாளாளர் இன்றும் காபி சொன்னார். எல்லாத் துறையிலும் இதே முறையாம். இயந்திரங்களையும் விடைக்குறிப்புகளையும் சேர்த்து ஒரே புத்தகமாக நான்தான் போட்டுத் தர வேண்டுமாம். பால்துரைக்குப் பெண் பிள்ளை. மாதம் முந்திப் பிறந்தது, ஆனாலும் சுகம்.

பிப்ரவரி 10

இரண்டாவது செமஸ்டர் ஆரம்பம். இனிமேல் ஒழுங்காக நடத்த வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். பதினோரு பேரும் இருக்கிறார்கள், துறை இருக்கிறது, மூன்றரை வருடம் இருக்கிறது. பழைய தையல் மெஷின் ஒன்றைக் கொண்டுபோய் மேசை மேல் வைத்தேன். ஊசி இறங்குகிறது, தையல் விழவில்லை. எதனால் என்று எனக்கே தெரியாது. வேண்டுமென்றேதான் தெரிந்துகொள்ளாமல் போனேன்.

"வாங்க, யாரு வாரீங்க?" என்றேன்.

யாரும் எழவில்லை. பையன்கள் நோட்டைத் திறந்தார்கள். நான் உமையபார்வதியைப் பார்த்தேன். அவள் முன்வரிசையில், கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"உமையா, நீ வாம்மா. தொட்டுப் பாரு, என்னன்னு சொல்லு."

அவள் எழுந்து நின்றாள். முகத்தில் கோபம் இல்லை, இருந்திருந்தால் தேவலை. மரியாதையாகத்தான் சொன்னாள்.

"விடை என்னன்னு நீங்களே சொல்லிருங்க மேடம். எழுதிக்கிடுதோம்."

உட்கார்ந்து, பையிலிருந்து நோட்டை எடுத்து, தேதி போட்டு, கோடு கிழித்தாள்.